எண்ணெய் மாற்றிய பின் ஒழுகும் எஞ்சின்: காரணம் காணும் முறை

திருவனந்தபுரத்தில் 1938-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 20-ஆம் நாள் திருவிதாங்கூர் அரசின் போக்குவரத்துத் துறை தொடங்கி வைக்கப்பெற்றது. இலண்டன் நகரப் பயணிகள் போக்குவரத்து வாரியத்தில் பணி செய்து பழகிய ஈ. ஜி. சால்ட்டர் என்பவர் அதன் மேற்பார்வையாளராக அமர்த்தப்பெற்றார். இங்கிலாந்திலிருந்து தருவிக்கப்பட்ட 60 காமர் அடிச்சட்டங்கள் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்களுடன் வந்து இறங்கின. மேற்கூடுகள் உள்ளூர்த் தொழிலாளரால் கட்டப்பெற்றன. தெற்கே நாகர்கோவில், கன்னியாகுமரி வரை அந்தப் பஸ்கள் ஓடின. 1965-ஆம் ஆண்டு கேரள அரசுச் சாலைப் போக்குவரத்துக் கழகமாக உருமாறிய நிறுவனத்தின் தொடக்கம் இதுவேயாகும்.

டீசல் எஞ்சின் இவ்வட்டாரத்தில் பரவத் தொடங்கிய அந்நாள் முதலாகவே, குறித்த தூரம் ஓடியதும் பழைய மசகு எண்ணெயை இறக்கிவிட்டுப் புதிய எண்ணெய் ஊற்றுவது பட்டறைகளின் அன்றாடப் பணியாகிவிட்டது. எஞ்சினுக்குச் செய்யும் பணிகளில் இதைவிட எளியது வேறில்லை. ஒரு திருகைக் கழற்றி, ஒரு வடிகட்டியை மாற்றி, திருகை மீண்டும் முடுக்கி, எண்ணெய் ஊற்றினால் வேலை முடிந்தது. எளிய வேலை என்பதனாலேயே பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையனிடம் அது ஒப்படைக்கப்படுகிறது. ஒப்படைத்தவர் அதைத் திரும்பிப் பார்ப்பதுமில்லை. எண்ணெய் மாற்றிய மறுநாள் வண்டியின் அடியில் கறை காணப்படுவதற்குப் பெரும்பாலும் இதுவே வித்தாகிறது.

ஒரு காட்சியை எண்ணிப் பார்க்கலாம். திருவனந்தபுரத்தில் உள்ள அலுவலகம் ஒன்றின் ஜீப்புக்கு மாலையில் எண்ணெய் மாற்றப்படுகிறது. மறுநாள் காலை அது நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குப் புறப்பட வேண்டும். கொட்டகையின் சிமெண்டுத் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் எண்ணெய்க் கறை. "பட்டறையில் சிந்தியதுதான் சொட்டுகிறது, சார்" என்கிறார் ஓட்டுநர். பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது, கியர்ப் பெட்டியை இறக்க வேண்டும் என்கிறார் வந்து பார்த்த மெக்கானிக். போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் அலுவலர். மூவர் கூறுவதும் நடக்கக் கூடியதே. ஆயின் மூன்றின் விளைவும் ஒன்றன்று. முதலாமவர் கூற்று சரியானால் செலவே இல்லை. இரண்டாமவர் கூற்று தவறாயின் பல்லாயிரம் ரூபாய் வீணாகும். மூன்றாமவர் பேச்சைக் கேட்டுப் புறப்பட்டு, கசிவு உண்மையானதாயிருந்தால் எஞ்சினே இறுகிப் போகலாம்.

பொன்முடிச் சாலையில் 22 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. எண்ணெய் நிறைந்திருக்கும் சேம்பரில் வண்டி சாய்ந்தாலும் திரும்பினாலும் எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வாய் மூழ்கியே இருக்கும். மட்டம் தாழ்ந்துவிட்டால் ஒவ்வொரு வளைவிலும் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கி, குழாயின் வாய் காற்றை உறிஞ்சும். அந்தச் சில விநாடிகளில் பேரிங்குகளுக்கு எண்ணெய்ப் படலம் கிடைக்காது. உலோகம் உலோகத்தோடு உராயும். ஓட்டுநரின் முன்னுள்ள சிவப்பு விளக்கு இவ்விஷயத்தில் பெரிதும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. சாதாரணமாக அது எண்ணெயின் அளவைக் காட்டும் விளக்கன்று. அழுத்தத்தைக் காட்டும் விளக்கு. அழுத்தம் ஏறக்குறைய அற்றுப்போன பிறகே அது எரியும். அது எரிந்த பின் "அடுத்த ஊர் வரை போய்விடலாம்" என்று எண்ணுவது எஞ்சினைக் கைவிடுவதற்கு ஒப்பாகும்.

துளி எதனுடையது?

தரையில் ஈரம் கண்டவுடன் அது எஞ்சின் எண்ணெய்தானா என்பதை முதலில் துணிய வேண்டும். குளிர்சாதனம் பொருத்திய வண்டிகளின் அடியில், அதிலும் திருவனந்தபுரம் போன்று ஈரக்காற்று மிகுந்த கடற்கரை ஊரில், தெளிந்த நீர் குளம்போல் தேங்குவது இயல்பே. அதைக் கண்டு அஞ்சிப் பட்டறைக்கு வண்டியைக் கொண்டு செல்வோரும் உண்டு. ரேடியேட்டரில் ஊற்றும் குளிர்விப்பு நீர் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும். விரலில் தொட்டால் வழவழப்பும், முகர்ந்தால் ஒருவித இனிய மணமும் தோன்றும். நாவில் வைத்துப் பார்த்தல் கூடாது, அது நஞ்சு. பிரேக் எண்ணெய் நீரில் கரையும்; எஞ்சின் எண்ணெய் நீரின் மேல் மிதக்கும். ஒரு கிண்ணம் நீரில் இரு துளி விட்டாலே இவ்விரண்டும் பிரிந்து தெரியும். ஒழுகுவது பிரேக் எண்ணெய் எனத் தெரிந்தால் வண்டியை நகர்த்தவே கூடாது. கியர் எண்ணெய் கந்தக நெடி வீசும். டீசல் காகிதத்தில் விரைந்து பரவி, நாளடைவில் பெரும்பாலும் ஆவியாகிவிடும். மசகு எண்ணெயோ காகிதத்தில் ஒளி ஊடுருவும் கறையாக அப்படியே நிலைத்துவிடும்.

எஞ்சின் எண்ணெய்தான் என்று தெரிந்த பின் அதன் நிறம் ஒரு குறிப்புத் தருகிறது. புதிய எண்ணெய் தேனின் நிறமுடையது; இறக்கப்பட்ட எண்ணெய் கறுப்பு. மாற்றிய மறுநாள் சொட்டுவது கறுப்பாயிருந்தால், அது வடிகட்டியைக் கழற்றும்போது குறுக்குச் சட்டத்தின் மீதும் காப்புத் தகட்டின் மீதும் சிந்தித் தேங்கிய பழைய எண்ணெயாக இருக்கக் கூடும். தேன் நிறமாயிருந்தால் புதிய எண்ணெய்தான் வெளியேறுகிறது. இக்குறிப்பு பெட்ரோல் எஞ்சினுக்கு நன்கு பொருந்தும். டீசல் எஞ்சினிலோ உள்ளே எஞ்சியிருக்கும் பழைய எண்ணெயும் கரியும் கலந்து, புதிய எண்ணெயும் சிறிது நேர ஓட்டத்திலேயே கறுத்துவிடும். ஆதலால் டீசல் வண்டியில் நிறத்தை மட்டும் நம்பி முடிவு செய்தல் பிழையாகும்.

நிற்கும்போது ஒழுகுவதும் ஓடும்போது ஒழுகுவதும்

கசிவைத் தேடுவோர்க்கு மிகவும் பயன்படும் வேறுபாடு இதுவே. பட்டறைகளில் இதற்குரிய கவனம் கிடைப்பதில்லை.

எஞ்சினில் எண்ணெய் இருவகை நிலைகளில் உள்ளது. சேம்பரில் அது வெறுமனே தேங்கி நிற்கிறது. அங்கே அதைக் கீழ்நோக்கித் தள்ளுவது அதன் எடை மட்டுமே. பத்து சென்டிமீட்டர் ஆழமுள்ள எண்ணெய், அடியிலுள்ள டிரெயின் பிளக்கின் மீது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 9 கிராம் அளவே அழுத்துகிறது. எண்ணெய்ப் பம்பைக் கடந்த பின் நிலை வேறு. வடிகட்டி, அழுத்தம் காட்டும் சுவிட்சு, எண்ணெய்க் குழாய்கள் ஆகியவற்றில் எஞ்சின் ஓடும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோகிராம் அழுத்தம் இருப்பது சாதாரணம். டிரெயின் பிளக்கில் உள்ளதைவிட இது முந்நூறு மடங்குக்கும் மேல். வடிகட்டியின் ரப்பர் வளையம் 7 சென்டிமீட்டர் விட்டமுள்ளதாயின், அதன் பரப்பு ஏறக்குறைய 38 சதுர சென்டிமீட்டர்; எனவே வடிகட்டியை எஞ்சினிலிருந்து பிய்த்துத் தள்ள முயலும் விசை 115 கிலோகிராம் எடைக்குச் சமம். வளர்ந்த ஆள் ஒருவரின் எடையைவிட மிகுதியான இவ்விசையை ஒரு மரைக் குழாயும் ஒரு ரப்பர் வளையமும் தாங்கி நிற்கின்றன.

இதிலிருந்து பெறப்படுவது யாதெனில், இரவு முழுவதும் நின்ற வண்டியின் அடியில் துளித்துளியாகக் கறை பெருகினால், முதலில் ஐயுற வேண்டியது டிரெயின் பிளக், அதன் வாஷர், சேம்பரின் பேக்கிங் ஆகியவற்றையே. நிற்கும்போது தரை உலர்ந்திருந்து, எஞ்சினை முடுக்கியதும் ஒழுகினால் வடிகட்டியையும் சுவிட்சையும் குழாய் இணைப்புகளையும் பார்க்க வேண்டும். காலையில் குளிர்ந்த எண்ணெய் கெட்டியாயிருப்பதால் முடுக்கிய முதல் நிமிடத்தில் அழுத்தம் இன்னும் மிகும். சரியாக அமராத வடிகட்டி வளையம் அப்போதுதான் பிதுங்கும். பிதுங்கிவிட்டால் சேம்பரில் உள்ள எண்ணெய் முழுவதையும் பம்பே சில நிமிடங்களுக்குள் சாலையில் கொட்டிவிடும்.

கசிவுக்கு வேறொரு முகமும் உண்டு. டீசல் வண்டிகளில் பெரிதும் வழங்கும் 15டபிள்யூ-40 தர எண்ணெயின் பாகுநிலை 40 பாகை வெப்பத்தில் உள்ளதைவிட 100 பாகையில் ஏழில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. குளிர்ந்திருக்கையில் கடக்க முடியாத இடுக்கைச் சூடேறிய எண்ணெய் எளிதிற் கடந்துவிடும். ஆகவே குளிர்ந்த எஞ்சினைப் பத்து விநாடி ஓட்டிவிட்டு "கசிவில்லை" என்று சான்றளிப்பது பயனற்றது. ஒரு முறை இத்தகைய சோதனை 172 உயிர்களை அந்தரத்தில் ஊசலாட விட்டது.

மூன்று எஞ்சின்களும் ஒருங்கே

1983-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் நாள் அமெரிக்காவின் மயாமி நகரிலிருந்து பஹாமாஸ் தீவுகளிலுள்ள நசாவுக்கு ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் லாக்ஹீட் எல்-1011 விமானம் ஒன்று புறப்பட்டது. அதற்கு மூன்று எஞ்சின்கள். எண்ணெயில் உலோகத் துகள் சேர்கிறதா என்று அறிய ஒவ்வொரு எஞ்சினிலும் காந்தமுனை கொண்ட தக்கை ஒன்று உண்டு. புறப்படுவதற்கு முன் பராமரிப்பின்போது இத்தக்கைகள் மூன்றிலும் மாற்றப்பட்டன. தக்கையோடு ரப்பர் வளையங்களும் சேர்ந்திருக்க வேண்டும். வளையம் ஏற்கெனவே பூட்டப்பட்ட தக்கைகளையே பெற்றுப் பழகிய பணியாளர்கள் அன்றும் அவ்வாறே இருக்கும் என்று கருதினர்; ஆனால் அன்று வளையங்கள் இல்லை. பொருத்திய பின் எஞ்சினை ஏறக்குறைய பத்து விநாடி சுழற்றிப் பார்த்தனர், கசிவு தென்படவில்லை.

நசாவை நெருங்கும்போது நடு எஞ்சினின் எண்ணெய் அழுத்தம் குறைந்தது. விமானி அதை நிறுத்திவிட்டு மயாமிக்குத் திரும்பினார். சிறிது நேரத்தில் மற்ற இரு எஞ்சின்களின் கருவிகளும் எண்ணெய் இல்லை என்று காட்டின. மூன்று எஞ்சின்களும் ஒரே நேரத்தில் எண்ணெய் இழப்பது நடவாத செயல் என்றும், காட்டும் கருவியே பழுது என்றும் விமானிகள் முதலில் எண்ணினர். பின்னர் அவ்விரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. கடலை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த நிலையில், முதலில் நிறுத்தப்பட்ட எஞ்சின் மீண்டும் முடுக்கப்பெற்று, அந்த ஒன்றின் பலத்தால் விமானம் மயாமியில் தரையிறங்கியது. பயணிகளும் பணியாளரும் ஆக 172 பேரும் உயிர் பிழைத்தனர்.

ஜீப்புக்கும் ஆகாய விமானத்துக்கும் என்ன உறவு எனக் கேட்கலாம். வளையம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்காமை, போதிய நேரம் சூடேற ஓட்டிப் பார்க்காமை ஆகிய இரண்டு பிழைகளும் எந்தப் பட்டறையிலும் நாள்தோறும் நிகழக் கூடியவை. மற்றொன்றும் உண்டு. ஒரே நாளில், ஒரே கையால் பணி செய்யப்பெற்ற இரு வண்டிகளில் ஒன்று ஒழுகினால், மற்றதும் ஒழுகக்கூடும் என்று எண்ணி அதையும் பார்ப்பதே அறிவுடைமை.

கை பட்ட இடங்கள்

எண்ணெய் மாற்றிய பின் தோன்றிய கசிவுக்கு, எண்ணெய் மாற்றும்போது கை பட்ட இடங்களையே முதலில் ஆராய வேண்டும். அவை மிகச் சில.

வடிகட்டியே முதன்மையானது. பழைய வடிகட்டியைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் சில வேளைகளில் எஞ்சினின் முகத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அது கறுப்பாக இருப்பதால் கறுத்த உலோகத்தின் மீது கண்ணுக்குத் தெரியாது. அதன் மேல் புதிய வடிகட்டியை அதன் வளையத்துடன் முடுக்கினால் இரு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்கின்றன. கைக்கு இறுக்கமாகவே தோன்றும். குறைந்த அழுத்தத்தில் தாங்கவும் செய்யும். முன்னர்க் கூறிய 115 கிலோ விசை வந்தவுடன் ஒரு வளையம் வழுக்கி வெளியேறிவிடும். புதிய வளையத்தில் எண்ணெய் தடவாமல் உலர்ந்தபடியே முடுக்குவதும் தீது. அது முகத்தோடு பற்றிக்கொண்டு முறுகிக் கிழியும். வளையம் முகத்தைத் தொட்டபின் கையால் முக்காற் சுற்று முடுக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. பெரும்பாலான வடிகட்டிகளின் மேலேயே இவ்வளவு அச்சிடப்பட்டிருக்கும். அதைப் படிப்பார்தாம் அரியர்.

அடுத்தது டிரெயின் பிளக்கின் வாஷர். செம்பு வாஷர் ஒருமுறை நசுங்கியதும் கடினமாகிவிடுகிறது. அடுத்த முறை அது பரப்புக்கு ஏற்றவாறு நசுங்கி இடுக்கை அடைப்பதில்லை. புதிய வாஷர் சில ரூபாயே. அது கிடைக்காத இடத்தில் பழைய செம்பு வாஷரை மங்கிய சிவப்பாகக் காயும் வரை சூடேற்றி நீரில் இட்டால் மீண்டும் மென்மை பெறும். எஃகு இவ்வாறு செய்தால் கடினமாகும்; செம்பு மென்மையாகும். இவ்வேறுபாடு மாணவர்க்குக் காட்டத்தக்கது. அலுமினிய வாஷரை இவ்வாறு நெருப்பில் இடுதல் கூடாது. அது நிறம் மாறிக் காட்டாமலேயே உருகிவிடும்.

ஒழுகுகிறது என்றவுடன் ஸ்பானருக்குக் குழாய் மாட்டி மேலும் முடுக்குவது நம் பட்டறைகளில் வேரூன்றிய வழக்கம். வாஷர் பழுதாயிருக்கையில் முடுக்கத்தால் ஒழுகல் நிற்பதில்லை. சேம்பர் அலுமினியமாயின் மரைதான் அறுந்து போகும். பின்னர் ஒரு வாஷரின் விலையில் முடிந்திருக்க வேண்டிய பணி, சேம்பர் ஒன்றின் விலையில் முடியும். வண்டியின் கையேடு கூறும் முடுக்கு அளவே இதில் முடிவானது. மரையிலும் பேக்கிங்கிலும் பசையை அள்ளிப் பூசுவதும் இத்தகையதே. வெளியே பிதுங்கும் பசை கண்ணுக்குத் தெரிகிறது. உள்ளே பிதுங்கும் பசை துணுக்குகளாகப் பிய்ந்து உறிஞ்சுகுழாயின் வலையை அடைக்கிறது.

ஊற்றுவாயின் மூடியையும் டிப் ஸ்டிக்கையும் ஒரு நோக்கு நோக்கினால் போதும். மூடி சரியாகப் பூட்டாதிருந்தால் டாப்பெட் கவரின் மேலெல்லாம் எண்ணெய் தெறித்துப் பின்புறமாக வழியும்.

அளவுக்கு மிஞ்சி ஊற்றுதலைத் தனியே கூற வேண்டும். பழைய எண்ணெய் முழுவதும் வடியும் முன் புதியதை முழு அளவு ஊற்றிவிட்டாலோ, சரிவான தரையில் நிறுத்தி மட்டம் பார்த்தாலோ மிகுதியாகிவிடும். சுழலும் கிராங்க் தண்டு எண்ணெயில் மோதி அதை நுரையாக்கும். நுரையும் ஆவியும் மூச்சுக்குழாய் வழியே வெளியேறும். சீல்களின் உதட்டையும் நனைக்கும். கசிவு ஓரிடத்தில் அன்றிப் பல இடங்களில் ஒருங்கே தோன்றினால், பல பேக்கிங்குகள் ஒரே நாளில் கெட்டன என்று கொள்ளாமல், எண்ணெய் மிகுந்ததா, அல்லது மூச்சுக்குழாய் அடைபட்டு உள்ளே அழுத்தம் பெருகியதா என்று பார்த்தல் வேண்டும். எண்ணெய் மிகுதியாயின் வேண்டிய அளவு இறக்கிவிட்டால் நோய் தீர்ந்தது.

பழைய நோய் வெளிப்படுதல்

கை பட்ட இடங்களெல்லாம் உலர்ந்திருந்தும் கசிவு காணப்படுவதுண்டு. "புது எண்ணெய் சீலைத் தின்றுவிட்டது" என்று அப்போது சொல்லப்படுகிறது. உண்மை வேறு. நெடுநாள் மாற்றப்படாத எண்ணெய் சேறாகத் தடித்து, தேய்ந்த சீலின் இடுக்குகளில் படிந்து ஒருவகை அடைப்பாகவே நின்றிருக்கும். புதிய எண்ணெயில் அழுக்ககற்றும் பொருள்கள் சேர்க்கப்பட்டுள்ளன. அவை அச்சேற்றைக் கரைத்தெடுக்கின்றன. அடைப்பு நீங்கியதும் முன்னரே இருந்த பழுது வெளிப்படுகிறது. முன்பிருந்ததைவிட மெல்லிய தர எண்ணெய் ஊற்றப்பட்டிருந்தாலும் இவ்வாறே நேரும். கையேட்டில் குறித்த தரமே ஊற்றப்பட்டதா என்பதை டின்னைப் பார்த்து உறுதி செய்த பின், சீலை மாற்றுவதே முறை. கசிவை நிறுத்தக் கெட்டியான எண்ணெய்க்கு மாறுவது சிலநாள் உதவலாம். ஆயின் நுண்ணிய இடைவெளிகளுடன் அமைந்த புதிய எஞ்சின்களுக்கு அது கேடாகும்.

பின்பக்க ஆயில் சீல் பற்றிய தீர்ப்பை மட்டும் கடைசிவரை தள்ளிவைப்பது நன்று. எஞ்சினும் கியர்ப் பெட்டியும் சேரும் இடத்தின் அடியில் எண்ணெய் சொட்டினால் அச்சீலே கெட்டது என்று உடனே கூறிவிடுகின்றனர். ஆனால் டாப்பெட் கவரிலிருந்தோ அழுத்தச் சுவிட்சிலிருந்தோ வழியும் எண்ணெயும் எஞ்சினின் முதுகு வழியாக இறங்கி அதே இடத்தில்தான் சொட்டும். எண்ணெய் கீழே இறங்குவது. வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னே தள்ளுவது. ஆகையால் சொட்டும் இடம் கசியும் இடமன்று. நனைந்த பகுதிகளில் மிக மேலேயும் மிக முன்னேயும் உள்ள இடத்தையே தேட வேண்டும்.

சுண்ணப்பொடிச் சோதனை

அதைத் தேடுவதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. எஞ்சின் நன்கு ஆறிய பின் பக்கங்களையும் அடியையும் மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்து, பின் உலர்ந்த துணியால் துடைத்து, முற்றும் உலர விடவேண்டும். மண்ணெண்ணெய் ஈரம் இருக்கையில் எஞ்சினை முடுக்குதல் ஆபத்தாகும். உலர்ந்த பின் முகப்பவுடரையோ வகுப்பறைச் சாக்கட்டியை நுணுக்கிய பொடியையோ மெல்லிய துணியில் முடிந்து ஐயத்துக்குரிய இடங்களில் தட்டினால் வெள்ளைப் படலம் படியும். பெல்ட்டுகளின் மீது படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய செய்தித்தாளை வண்டியின் அடியில் விரித்து, முன் சக்கரங்களின் இடத்தை அதில் குறித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் எஞ்சினை முடுக்காமல் ஒரு மணி நேரம் விட்டுப் பார்ப்பது. பின் முடுக்கி, சூடு வழக்கமான நிலைக்கு ஏறிய பிறகும் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு டார்ச்சு விளக்கால் பார்ப்பது. வெள்ளைப் படலத்தில் கறுத்த கோடு எங்குத் தொடங்குகிறதோ அங்கேதான் கசிவு. கறுப்புக் கோடே இல்லாமல் குறுக்குச் சட்டத்திலிருந்து மட்டும் சொட்டினால் அது சிந்திய எண்ணெய். ஓட்டுநர் சொன்னதே சரி. ஓடும் எஞ்சினின் அருகில் தளர்ந்த மேல்துண்டோ வேட்டி நுனியோ இருத்தல் ஆகாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுத்தலும் ஆகாது.

பெரிய பட்டறைகளில் எண்ணெயோடு ஒளிரும் சாயம் சிறிது கலந்து, புற ஊதா விளக்கால் நோக்குகின்றனர். கசியும் இடம் மஞ்சட்பச்சையாக ஒளிரும். இதன் தத்துவத்தைக் காட்ட விரும்பும் ஆசிரியர், சமையல் மஞ்சள்தூளைச் சிறிது சாராவியில் கரைத்து வடித்து, ரூபாய்த் தாள் சோதிக்கும் சிறு விளக்கின்முன் இருட்டறையில் வைத்தால், கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பெற்றுத் தெரியும் ஒளியாக மஞ்சள் திருப்பித் தருவதை மாணவர் காண்பர். சாராவி எளிதில் தீப்பற்றுவது. அருகில் நெருப்பு கூடாது.

எவ்வளவு இழக்கிறது?

எல்லாக் கசிவும் ஒரே அளவு அவசரமுடையதன்று. நீரைவிட எண்ணெயின் பரப்பு இழுவிசை குறைவாதலால் எண்ணெய்த் துளி சிறியது; ஒரு மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 40 துளிகள் எனக் கொள்ளலாம். நிமிடத்துக்கு ஒரு துளியாயின் நாளொன்றுக்கு 1,440 துளிகள், அதாவது 36 மில்லிலிட்டர். மாதம் ஒன்றில் ஒரு லிட்டர் போய்விடும். மருந்துக்கடை அளவுக் குவளையையும் கைக்கடிகாரத்தையும் கொண்டு வகுப்பில் இதைச் சரிபார்க்கலாம். அளவுக் குச்சியின் மேற்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடையே பெரும்பாலான சிறு வண்டிகளில் உள்ளதும் ஏறக்குறைய ஒரு லிட்டரே. ஆகவே நிற்கையில் நிமிடத்துக்கொரு துளி என்றால், நாள்தோறும் மட்டம் பார்த்துக்கொண்டு வார இறுதியில் பட்டறைக்குச் செல்லலாம். அழுத்தப் பக்கத்திலிருந்து வரும் கசிவுக்கு இக்கணக்கு செல்லாது. அது இன்று துளியாயிருந்து நாளை வளைவில் தாரையாகலாம். அவ்வண்டி, சரிசெய்யப்படும் வரை, மலையேறக் கூடாது.

சொட்டிய எண்ணெய் கொட்டகையோடு நின்றுவிடுவதுமில்லை. திருவனந்தபுரம் மேடு பள்ளமான ஊர். இடவப்பாதி மழையும் துலா மழையும் சாலையைக் கழுவிக்கொண்டு ஓடைகள் வழியே ஆக்குளம் காயல் போன்ற நீர்நிலைகளைச் சேர்கின்றன. இலண்டனிலுள்ள கிளாப்ஹம் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் அரை ஏக்கர் நீர்ப்பரப்பை அமைதிப்படுத்தியதைப் பெஞ்சமின் பிராங்க்ளின் 1774-ஆம் ஆண்டு வெளியிட்டார். அப்படலத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரின் நான்கு இலட்சத்தில் ஒரு பங்கே என்று கணக்கிடலாம். எஞ்சின் எண்ணெய் அத்துணை மெல்லியதாகப் பரவுவதில்லை. எனினும் மழைநீரில் வானவில் நிறங்காட்டும் படலமாக அது விரிந்தால், ஒரு லிட்டர் 3,000 சதுர மீட்டருக்கு மேல் மூடவல்லது. பயன்படுத்திய எண்ணெய் நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி தீங்கு விளைக்கும் கழிவாகும். அதை ஓடையில் கொட்டுவதும் வேலிக்கால்களில் கறையானுக்கென்று பூசுவதும் தவிர்க்கப்பட வேண்டியவை. மூடிய டின்னில் சேர்த்துப் பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் சேரும்படி பட்டறையில் ஒப்படைக்க வேண்டும்.

பொன்முடிக்குப் புறப்பட நின்ற ஜீப்பைப் பொறுத்தவரை, அன்று காலை செய்யத்தக்கது முக்கால் மணி நேர வேலையே. சமதரையில் நிறுத்தி மட்டம் பார்த்தல். கறையின் நிறத்தையும் இடத்தையும் குறித்தல். வடிகட்டியின் விளிம்பை விரலால் சுற்றித் தடவுதல். துடைத்துப் பொடி தட்டி, எஞ்சின் சூடேறும் வரை ஓட்டிப் பார்த்தல். விரலுக்கு இரட்டை வளையத்தின் விளிம்பு தட்டுப்பட்டால் எஞ்சினை முடுக்கவே கூடாது; வடிகட்டியைக் கழற்றி, முகத்தைத் துடைத்து, ஒரே வளையத்துடன் மீண்டும் பூட்ட வேண்டும். எண்ணெய் மாற்றிய நாள், அப்போதைய கிலோமீட்டர், ஊற்றிய எண்ணெயின் தரமும் அளவும், வாஷர் புதியதா பழையதா, பழைய வடிகட்டியின் வளையம் அதனோடேயே வந்ததா, சூடேறிய பின் பார்த்தவர் யார் ஆகியவற்றை வண்டியின் பதிவேட்டில் ஒரே வரியில் எழுதி, நூறு கிலோமீட்டர் ஓடியதும் மீண்டும் மட்டம் பார்த்து அதனடியில் குறித்துக்கொள்ள வேண்டும்.